பங்களாம்மாவின் சூலம்

தனலெட்சுமியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். பசறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கண்ணைத் திறக்க மாட்டாள். வளைவில் டிரைவர் ஹோர்ன் அடித்தால் பக்கத்தில் இருப்பவரின் கையை நகம் பதியப் பிடிப்பாள். பெரும்பாலும் அது என் கையாகத்தான் இருக்கும். சிறுத்தைக்குப் பயம், அட்டைக்குப் பயம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டால் பயம். அவள் திடுக்கிடுவதைப் பார்ப்பதற்காகவே கங்காணி அவள் பேரை மட்டும் உரக்கக் கூப்பிடுவார். நாங்களும் சிரிப்போம்.

பேரையும் தோட்டத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அது அவள் போட்ட நிபந்தனை.

நானும் அவளும் ஒரே வருடம் இந்த லயத்துக்கு வாழ வந்தவர்கள். அவள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து இராமையாவைக் கட்டி வந்தாள். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பாடு. அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. இனிக் கூடை சுமக்க முடியாது என்றானதும் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலையைக் கொடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் பொறாமை. அவளுக்கோ பங்களா என்ற பேரைக் கேட்டாலே அழுகை வந்தது.

பங்களாவின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கதவைவிடப் பெரியது. பாறையொன்றின் மேல் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தலையில் பொன் கவசம், கையில் சூலம், காலடியில் சிங்கம். பின்னால் வானம் கறுத்துக் கிடக்கிறது. அவள் தலைக்கு மேலே மட்டும் வெளிச்சம். கீழே ஒரு மூலையில் இன்னொருத்தி. கறுத்த பெண், சிவப்புச் சேலை, மூக்குத்தி. மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஒரு கூடையைப் பிடித்திருக்கிறாள். கூடை நிறையப் பச்சை இலை. அந்த மூலையில் பழைய காலத்துக் கணப்பு அடுப்புப் புகை படிந்து அவள் முகம் சரியாகத் தெரியாது.

விளக்குமாற்றோடு முதல் நாள் உள்ளே போன தனலெட்சுமி படத்தைப் பார்த்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்துப் பங்களாச் சமையல்காரர் குசினியிலிருந்து ஓடி வந்தாராம். அவரை எல்லோரும் அப்பு என்போம்.

“ஏம்மா, எந்திரி. அது யாரோ சீமை ராணி,” என்றார் அப்பு.

“ராணி கையில சூலம் எதுக்குங்க?” என்று இவள் கேட்டாள்.

அத்தனை வருடம் அந்தப் படத்துக்குக் கீழே துரைமாருக்குச் சோறு பரிமாறியவர், இதை ஒரு நாளும் யோசிக்கவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டு போனாராம்.

எங்களைத் தெரியாதவர்கள் சிரிக்கலாம். தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமி உண்டு. கொழுந்தெடுக்கத் தொடங்கும் முன் கொழுந்துச்சாமி, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் முன் கவ்வாத்துச்சாமி, பெக்டரிச் சக்கரத்துக்கு ரோதைமுனி. கல்லை நட்டு மஞ்சள் தடவினால் எங்களுக்குப் போதும். சூலமும் சிங்கமும் பொன் கவசமுமாக ஒருத்தி பங்களாவில் உட்கார்ந்திருந்தால், அவள் யார் என்று வேறு ஆள் வந்து சொல்ல வேண்டுமா? பங்களாம்மா என்று பேர் வைத்தோம். பேர் நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் துரை ஒபிஸுக்குப் போனதும் தனலெட்சுமி முக்காலியில் ஏறி அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைப்பாள். கீழே மூலையில் இருக்கும் கறுத்தவளுக்கும் ஒரு பொட்டு. பிறகு ஒரு துண்டுச் சூடம். அந்தக் கறுத்தவளைப் பற்றி என்னிடம் பெருமையாகச் சொல்வாள்.

“அது நம்ம புள்ள. அம்மா கையால வாங்குறா. கூடை நெறையக் குடுத்திருக்கா பாரு.”

அந்தச் சூடம் எரிகிற நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் பயம் இருக்காது என்று அப்பு சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பயந்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மேட்டு லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறுகிறது. ஒரு ஐப்பசி மழையில் பின்பக்க மண் சரிந்து வந்து, எங்கள் குசினிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்த நேரத்தில்தான் பங்களாவில் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன் என்று தனலெட்சுமி வந்து சொன்னாள். “அம்மா சூலத்தால மலையக் குத்திப் புடிச்சிருக்கா,” என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு லயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆடி மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு வெற்றிலையும் தேங்காயும் அவள் கையில் பங்களாவுக்குப் போகும். என் வீட்டிலிருந்தும் போனது.

ஆகையால், மண்ணைச் சோதிக்கிற ஆட்கள் கொழும்பிலிருந்து வந்து, மலையில் வெடிப்பு இருக்கிறது, பெருமழை பெய்தால் எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று சொன்னபோது நாங்கள் மரியாதையாகத் தலையாட்டினோம். மழைநீர் வடிகிற கானில் ஓடுகிற தண்ணீர் சேறாக வந்தாலோ, திடீரென்று நின்றுபோனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்றார்கள். மழையை அளக்க ஒரு போத்தலும் தந்தார்கள்.

“அவுங்க போத்தல்ல அளக்கட்டும். நமக்கு அம்மா இருக்கா,” என்றார் இராமையா.

இராமையா கெட்டவரில்லை. பிடிவாதக்காரர். லயத்து ஓரத்தில் ஒரு மாட்டுக் கொட்டில், ஒரு பசு, கொஞ்சம் போஞ்சியும் கோவாவும் போட்ட காய்கறித் தோட்டம் அவருக்கு உண்டு. விட்டுவிட்டுப் போனால் திரும்ப யார் தரப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய உண்மையான கவலை. அதை வெளியே சொல்ல மாட்டார். சாமியின் பேரைச் சொல்வார்.

போன வருடக் கடைசியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. மொனராகலையில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களுடைய ஒரே மகள் சுதர்ஷினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பெற்று, மலைக்கு மிக அண்டிய கடைசிக் காம்பராவுக்கு வந்து படுத்தாள். அதுதான் தனலெட்சுமியின் காம்பரா. பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டுக் கழியும்வரை தாயும் சேயும் வெளியே இறங்கக் கூடாது. வீட்டுப் பெண்கள் சாமியைத் தொடவும் கூடாது. தனலெட்சுமி வேலைக்குப் போனாள், ஆனால் பங்களாம்மாவுக்குப் பொட்டு வைக்கவில்லை. சூடமும் இல்லை.

அடுத்தது, பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாற்றத் தொடங்கினார்கள். படத்தைச் சுத்தம் செய்து முன் வாசலில் மாட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து காமிலா என்ற பெண்ணை வரவழைத்தார்கள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வதுதான் அவளுக்குத் தொழில். தலையில் முக்காடு, மூக்கின் மேல் கண்ணாடி, மேசை முழுக்கப் பஞ்சும் சிறு சிறு போத்தல்களும். பஞ்சைத் தொட்டுத் தொட்டுப் படத்தை அங்குலம் அங்குலமாகத் துடைத்தாள்.

தனலெட்சுமிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குங்குமத்தைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? வேலை போகும். வேலை போனால் காம்பராவை விடச் சொல்வார்கள். பச்சைப் பிள்ளைக்காரியை எங்கே கொண்டுபோவது? அறை வாசலில் நின்று ஒரே சாப்பாட்டு மேசைக் கதிரையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்,” என்று காமிலா கூப்பிட்டாள். “இந்த நெத்தியில சிவப்பா ஒண்டு தடிப்பாப் படிஞ்சிரிக்கு. குங்குமம் மாதிரி. யாரு வச்சதுண்டு தெரியுமா?”

தனலெட்சுமி அழுதுவிட்டாள். “நாந்தான் மிஸ். தொரைக்குச் சொல்லிறாதீங்க. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு மிஸ்.”

காமிலா பதறிப்போய்க் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள். யாருக்கும் சொல்ல மாட்டேன், இது லேசாகப் போய்விடும் என்று சமாதானம் சொல்லி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். பிறகு, எதற்காக வைத்தீர்கள் என்று கேட்டாள். தனலெட்சுமி எல்லாவற்றையும் கொட்டினாள். சூலம், சிங்கம், மலை, சரிந்து வந்து நின்ற மண், வீட்டில் தீட்டு. காமிலா சிரிக்கவில்லை.

“அக்கா, மனசு நோகாதீங்க. இது சாமி இல்ல. அந்தக் காலத்துல சீமையில படம் வரையிறதுக்குப் பெரிய பெரிய பள்ளிக்கூடம் இருந்திச்சு. அங்க படிச்சவங்க அவங்கட நாட்ட ஒரு பொம்புளையாத்தான் வரைவாங்க. பிரான்சுக்கு ஒருத்தி, ஜெர்மனிக்கு ஒருத்தி. நீதி, வீரம், சுதந்திரம் எல்லாத்துக்கும் ஒவ்வொருத்தி. இவ இங்கிலாந்து.”

“நாடா?”

“ஓம், நாடு.”

“உசுரோட இருந்த ஆளு இல்லையா மிஸ்?”

“இல்ல. ஒரு நெனப்புதான். எங்கட நாடு இப்பிடிப் பெருசா, பலமா இரிக்கோணுமுண்டு அவங்க நெனச்ச நெனப்பு. சிங்கம் அவங்கட பலம்.”

“அப்ப சூலம்?”

“அது கடலுக்கு. பழைய கதைகள்ல கடல் தெய்வத்திட கையில இருந்தது. கடலெல்லாம் எங்களுக்குத்தானுண்டு காட்டுறதுக்காக இவ கையில குடுத்திட்டாங்க.”

“கடலுக்கா? மலைக்கு இல்லையா?”

“கடலுக்குத்தான் அக்கா.”

எங்கள் தோட்டத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் பஸ் ஏறி மத்தியானம்வரை போக வேண்டும். தனலெட்சுமி கடலைப் பார்த்ததே இல்லை. தன் மலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவள் இத்தனை வருடம் நம்பிய சூலம், அவள் பார்த்திராத ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் புள்ள?” என்று மூலையைக் காட்டினாள்.

“அதுதான் நம்மட இலங்கை. தேயிலையைக் கொண்டாந்து அவட காலடியில வைக்கிறா.”

“வாங்கலையா? குடுக்குறாளா?”

“குடுக்குறா.”

காமிலா அன்று காலையில்தான் அந்த மூலையைத் துடைத்திருந்தாள். மேசை விளக்கை அந்தப் பக்கம் திருப்பினாள். புகைக்குள் மறைந்திருந்த முகம் இப்போது தெளிவாக இருந்தது. தனலெட்சுமி குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் பங்களாம்மாவைப் பார்க்கவே இல்லை. கூடையை நீட்டிக்கொண்டு, கண்ணைத் திருப்பிச் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கத்தின் வாய் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

“பாவம், பயந்திட்டா போல,” என்றாள் காமிலா.

தனலெட்சுமிக்கு அந்தக் கண்ணைத் தெரியும். பஸ்ஸில் வருகிற கண், பெரட்டில் வருகிற கண், மழை இரைகிறபோது வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிற கண். இத்தனை வருடமும் கும்பிடுகிறாள் என்று நினைத்து அவளுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். அவளோ நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த நேரம் பங்களாத் தகரத்தின் மேல் மழை சடசடவென்று விழத் தொடங்கியது. அப்படியென்றால் மலையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். யாருமில்லை என்ற பதில் உடனே வந்தது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அந்த மழை அடுத்த நாளும் விடவில்லை. பதுளைக்குப் போகிற ரோட்டில் கல் விழுந்து பஸ் நின்றுவிட்டது என்றார்கள். சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்த தனலெட்சுமி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கொட்டுகிற மழையில் கானில் தண்ணீரைக் காணவில்லை. கான் வெறும் சேறாகக் கிடந்தது. மண் பார்க்க வந்தவர்கள் சொன்ன அதே காரியம்.

உள்ளே ஓடி இராமையாவிடம் சொன்னாள். படத்தைப் பற்றியும் சொன்னாள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

“கொழும்புலருந்து வந்த ஒருத்தி சொன்னான்னு அம்மாவ இல்லேங்கிறியா? தீட்டு வீட்டுல இருந்துக்கிட்டு இந்தப் பேச்சுப் பேசாத. புள்ளைக்கு ஆகாது.”

“கான்ல தண்ணி நின்னுபோச்சுங்க. வந்து பாருங்க.”

“தீட்டுப் புள்ளைய மழையில தூக்கிக்கிட்டு ஓடவா? ஊரு சிரிக்கும். போய் அடுப்பப் பாரு.”

சுதர்ஷினி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அவள் படுத்திருந்த பாய்க்கும் மலைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

பிறகு தனலெட்சுமி என் காம்பராவுக்கு வந்தாள். நனைந்து, பல் கிட்டிப்போய், காமிலா சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னாள். லயத்து ஆட்கள் எல்லோரும் இறங்கினால் நானும் இறங்குகிறேன் என்றேன். “நான் சொல்லி யாரு கேப்பா? பயந்தாங்கொள்ளி சொல்றான்னு சிரிப்பாங்க,” என்றாள். அது உண்மைதான். சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள்.

விளக்கு வைக்கிற நேரம். லயத்து முற்றத்தில் ஒரு கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தனலெட்சுமி கொட்டுகிற மழையில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள். கண் சொருகியிருக்கிறது. நாக்கைக் கடித்திருக்கிறாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அவளைத் தெரிந்த எனக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. பெண்கள் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். எல்லோரும் இஸ்தோப்பை விட்டு இறங்காமல் கைகூப்பி நின்றோம்.

“நான் பங்களாம்மா வந்திருக்கேன்டா!” என்றாள். அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை.

எங்கள் லயத்துப் பூசாரி மட்டும் முன்னால் வந்தார். அவருக்கு முறை தெரியும். “தீட்டு வீட்டுப் பொம்பளைக்கு எப்பிடி அருள் வரும்? இது வேற ஏதோ காத்துக் கறுப்பு,” என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் அவர் பின்னால் சாய்ந்துவிட்டார்.

“யாருடா தீட்டு? புள்ள பெத்தது தீட்டுன்னா ஒன்ன யாருடா பெத்தா?”

இராமையா கீழே மண்டியிட்டுவிட்டார்.

“இத்தன வருசம் புடிச்சேன்டா! கை ஓஞ்சுபோச்சு! சூலத்த எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போறேன். மலைய இனி யாரும் புடிக்கல. எறங்குங்க! புள்ளத்தாச்சி, பச்சப்புள்ள, கெழடு கட்ட எல்லாரும் இப்பவே எறங்குங்க! நின்னவனுக்கு நான் பொறுப்பில்லடா!”

கட்டிய துணியோடு இறங்கினோம். சமைத்த சோறு அடுப்பிலேயே இருந்தது. இராமையா பேரனைப் பொலித்தீன் உறைக்குள் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழுதார். தனலெட்சுமியை நானும் சுதர்ஷினியும் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனோம். அவள் கை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தது. அருள் வந்து போனவர்கள் கை துவண்டு கிடக்கும். இவள் கை விறைத்திருந்ததை நான் கவனித்தேன். கேட்கவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. வெயில்கூட அடித்தது. மேட்டு லயம் அங்கே அப்படியே நின்றது. பள்ளிக்கூட மண்டபத்தின் ஈரத் தரையில் விடியவிடியக் கிடந்த சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. பூசாரி யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தீட்டைப் பற்றிப் பேசினார்.

தனலெட்சுமி என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் வரலடி. நானா ஆடுனேன்.”

“தெரியும்,” என்றேன்.

“தீட்டோட சாமி பேரச் சொல்லிப் பொய் ஆடிருக்கேன். புள்ளைக்குக் காய்ச்ச வந்துருச்சு. ஐயோ, என் பேரன கொண்டுபோயிருவாளோ?”

“அது சாமியே இல்ல, வெறும் நாடுன்னு நீதானே சொன்ன? அப்புறம் யாரு வந்து தண்டிக்கப் போறா?”

“அவ இல்லாட்டி மாரியம்மா இருக்காள்ல? யாராவது ஒருத்தி கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஊரே நம்பிய ஒரு காரியத்தை மழைக்குள் தனியாக நின்று உடைத்து, அதே காரியத்தால் ஊரை இறக்கிக்கொண்டு வந்தவள், தலைக்கு மேல் எந்த நேரமும் ஏதோ விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குள் இராமையா பால் கேனைக் கையில் எடுத்துவிட்டார். பசு கத்தும், கறந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். தனலெட்சுமி அவர் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். அத்தனை பேர் முன்னால் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். வெயில் அடிக்கிறதே, மழை விட்ட பிறகு என்ன என்று அவளை விலக்கிவிட்டு அவர் மேலே நடந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். தேயிலைக்குள் அவர் வெள்ளைச் சட்டை தெரிந்தது, வளைவில் மறைந்தது.

பிறகு அந்தச் சத்தம். லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அது நிற்கவில்லை. மேட்டு லயத்துக்கு மேலே இருந்த தேயிலை, நட்ட வரிசை கலையாமல் அப்படியே கீழே நடந்து வந்தது. கடைசிக் காம்பரா முதலில் போனது. தகரக் கூரை ஒரு முறை எழும்பி வெயிலில் மின்னியது. அதற்கடுத்த காம்பராக்கள், மாட்டுக் கொட்டில், போஞ்சிப் பந்தல். என் காம்பராவின் பாதி. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாய் மட்டும் எங்கேயோ குரைத்தது. யாரும் அழக்கூட இல்லை.

தனலெட்சுமியின் வாயிலிருந்து வந்தது பேச்சில்லை. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

இராமையா வந்தார். செருப்பில்லை. முகமெல்லாம் மண். வளைவு தாண்டி, செருப்பில் அட்டை ஏறிவிட்டது என்று குனிந்தாராம், அதனால்தான் பிழைத்தார். பால் கேன் இன்னும் கையில் இருந்தது. மனைவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அவள் பாதத்தில் தலையை வைத்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“எந்திரிங்க. என்னங்க இது, எந்திரிங்க,” என்றாள்.

அவர் எழவில்லை. அவருக்குப் பின்னால் பூசாரி நின்றார். பூசாரிக்குப் பின்னால் லயமே நின்றது. கைகளெல்லாம் கூப்பியிருந்தன.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. பிள்ளையின் காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கிவிட்டது; அதற்கும் அவளுக்குத்தான் பேர் கிடைத்தது. நாங்கள் இப்போது கீழே விளையாட்டு மைதானத்தில் தகரக் கொட்டில்களில் இருக்கிறோம். வீடு தருவதாகச் சொல்கிறார்கள். மிச்சமிருக்கிற காம்பராக்களுக்குத் திரும்பிப் போகலாமா, மழைக்காலத்தில் இந்த இடம் தாங்குமா, மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாமா என்று எதற்கும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இராமையாகூட அவளை ‘ஏய்’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஹோட்டல் முன் வாசலில் படம் பளபளவென்று தொங்குகிறதாம். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்களாம். தனலெட்சுமி வேலைக்குப் போகிறாள், முன் வாசலுக்குப் போவதில்லை.

ஒரு நாள் மனசு பொறுக்காமல், உள்ளதைச் சொல்லிவிடேன் என்றேன்.

“சொன்னா நாளைக்கே மேல ஏறிருவாங்கடி,” என்றாள். “சொல்லாட்டி நான்தான் ஒவ்வொரு மழைக்கும் பதில் சொல்லணும். அந்தப் படத்துல இருந்தவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ பாட்டுக்கு உக்காந்திருந்தா. எனக்கு எல்லாம் தெரியுதே. மேல யாருமே இல்லடி. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

போன கிழமை ஒரு நாள் மத்தியானம் வானம் இருண்டது. பசறைப் பக்கமிருந்து இடி உருண்டு வந்தது. முதல் தூறல் தகரத்தில் விழுந்ததும் கொட்டில்களுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. மலையையும் பார்க்கவில்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமியைப் பார்த்தார்கள்.

“அம்மா என்னங்க சொல்றா?” என்று இராமையா கேட்டார். தன் மனைவியிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

அவள் மலையைப் பார்த்தாள். அவள் கை என் கையைத் தேடி வந்தது. நகம் பதிந்தது.

“பயப்படச் சொல்றா,” என்றாள் தனலெட்சுமி. “பாயச் சுருட்டுங்க.”